ஏழு பச்சை ஜாக்கெட்

முத்துத்தாய்க்குக் கோபம் வந்தால் எங்கள் கோச்சடையில் நாய்கூடக் குரைக்காது. எழுபத்தொன்பதாம் வருஷம் அந்தக் கோபம் முழுவதும் டவுனில் மகால் பக்கம் கடை வைத்திருந்த டெய்லர் ஜனகராஜ் தலையில் இறங்கியது. அவள் தம்பி கல்யாணத்துக்குச் சீர்த்தட்டுத் தூக்க, அவளும் நானும் சேர்த்து எங்கள் தெருவில் ஏழு பேர். ஏழு பேருக்கும் ஒரே பச்சையில் ஜாக்கெட். துணியை வாங்கி வைத்துக்கொண்டு ஜனகராஜ் ஒரு மாதமாக "நாளைக்கு வாங்கக்கா" என்றார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முத்துத்தாய் கடைக்குப் போய்த் துணியைப் பிடுங்கினாள்.

"நீரு தைச்சுக் கிழிச்சது போதும். நானே தைச்சுக்கிறேன்."

"தைங்கக்கா. ஏழுல ஒண்ணு ஒழுங்கா உக்காந்துட்டாலும் நான் கத்திரிக்கோலைத் தூக்கிப் போட்டுர்றேன்."

கடையே சிரித்தது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

அவளுக்குத் தெரிந்த தையல் தலையணை உறையோடு சரி. வீட்டில் ஒரு பழைய கை மெஷின் கிடந்தது. ஜனகராஜ் தைத்ததிலேயே தனக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு ஜாக்கெட்டை எடுத்து, பிளேடால் தையலைப் பிரித்து, துண்டு துண்டாகப் பழைய பேப்பரில் பரப்பி, பென்சிலால் கோடு போட்டு வெட்டிக்கொண்டாள். டெய்லர்கள் மடித்துப் போட்டுப் பாதியைத்தான் வெட்டுவார்கள், மறுபாதி தானாக வரும். இது அவளுக்குத் தெரியாது. இடது தனி, வலது தனி என்று எல்லாவற்றையும் எடுத்தாள். ஆள் பருமனுக்குத் தக்கபடி பக்கவாட்டில் மட்டும் கூட்டினாள், குறைத்தாள். எனக்குக் கூட்டவேண்டியிருந்தது. அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கூட்டினாள். முடியும்வரை ஒருத்தியையும் போட்டுப் பார்க்க விடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஜனகராஜ் எட்டிப் பார்க்க வந்தார். பேப்பர் துண்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, இது உங்க ஒடம்புக்கு வெட்டுனது. உங்களுக்கு இடது தோள் முக்கால் இஞ்சு இறக்கம். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு கமுக்கமா இறக்கி வெட்டுவேன். இப்ப ஏழு பேரையும் கோணலாக்கிட்டீங்களே!"

அவர் போன பிறகு முத்துத்தாய் மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயசுவரை தன்னை நேரானவள் என்றே நினைத்திருந்தவள்.

"அன்னக்கொடி, எனக்குத் தோள் கோணலாடி?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் குனிந்து பேப்பர் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

"நாளைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடியும் உங்களையெல்லாம் கோமாளியாக்கப் போறேனே" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வேறு துணி இல்லை. விடிந்ததும் ஏழு பேரும் அதையே மாட்டினோம். கொக்கியைப் போட்டுவிட்டு வழக்கம்போல இடது தோளை மேலே இழுத்துவிடக் கையைக் கொண்டுபோனேன். இழுக்க ஒன்றும் இல்லை. என் ஆயுசில் முதல்முறையாகத் தோள் நழுவாத ஜாக்கெட்! திரும்பிப் பார்த்தால் மற்றவர்களும் தங்கள் தோளைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள்.

எங்களில் அழகம்மாளுக்குத்தான் முதலில் உறைத்தது. "ஏன்டி, நாமெல்லாம் எந்த இடுப்புலடி குடம் வைக்கிறோம்?"

எல்லாருக்கும் இடது இடுப்புதான். ஆற்று ஊற்றிலிருந்து தெருவரைக்கும், பாவாடை கட்டிய வயசிலிருந்து சுமந்து சுமந்து ஏழு பேருக்குமே அந்தத் தோள் இறங்கியிருந்தது. ஜனகராஜுக்கு வீட்டுக்குள்ளேயே குழாய். அவர் குடத்துப் பாரத்தைக் கண்டாரா?

மண்டபத்தில் அவர் எங்களை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு சுருக்கம் கண்டுபிடிக்க முடியவில்லை. "கத்திரிக்கோலைக் கொண்டாந்தீரா?" என்று முத்துத்தாய் கேட்டாள். அவர் பந்திப் பக்கம் நழுவிவிட்டார்.

தட்டு வைத்து முடித்ததும் ஏழு பேரையும் வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் கேமராவில் கண்ணை வைப்பார், எடுப்பார், தலையைச் சொறிவார்.

"அக்கா, எல்லாரும் ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கிறீங்க. கொஞ்சம் நேரா நில்லுங்க."

"நாங்க நேராத்தான் நிக்கிறோம்" என்றாள் முத்துத்தாய். "நீரு வேணும்னா பொட்டியைச் சாய்ச்சுக்கிரும்."