ஆள் வரும்போது மட்டும்

அலுவலகத்தில் அவருக்குத் தரகர் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை; அவருக்குத் தெரியாமலும் இல்லை. மென்பொருள் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. வந்தவர்கள் வந்த சூட்டிலேயே பெட்டியைக் கட்டினால் அதற்கும் அவர் தலைதான் உருளும்.

அவர் கையிலிருந்த துருப்புச் சீட்டு, ஜன்னலோரம் கிடந்த டேபிள் டென்னிஸ் மேசை. மற்ற நாட்களில் அதன்மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். வேலைக்குச் சேர யாராவது இடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றால் பெட்டிகள் கழிப்பறைப் பக்கம் போய்விடும். தரகர் இரண்டு பேரின் தோளைத் தட்டி, "ஆள் வருது, கொஞ்சம் ஆடுங்க" என்பார். எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அவர்கள் போய்ச் சிரித்துக்கொண்டே பந்தைத் தட்டுவார்கள். பார்க்க வந்தவர் சொக்கிப் போவார். விருந்தாளி வந்தால் வீட்டில் நல்ல விரிப்பைப் போடுவதில்லையா என்று தரகர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். மனுஷருக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்.

அப்படித்தான் மச்சினனையும் மடக்கினார். மனைவியின் தம்பி, அதிகம் வாய் திறக்காதவன், வேலையில் கெட்டிக்காரன். நாலைந்து பேர் மட்டுமே இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில், யார் தொந்தரவும் இல்லாமல் நாள் முழுக்க வேலையில் மூழ்கிக் கிடந்தவன். ஆட்டத்தையெல்லாம் பார்த்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்.

"மாமா, வேலை செய்ய விடுவாங்களா?"

"ராஜா மாதிரி இருக்கலாம் மாப்ள. நான் இருக்கேன்ல."

அந்த வார்த்தையை நம்பி அவன் பழைய வேலையை விட்டான். இங்கே மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று "முடிஞ்சுதா?" என்பார், போனவர் அதே கேள்வியோடு திரும்பி வருவார். மச்சினன் ஒருநாளும் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டான். "தம்பிக்கு என்ன ஆச்சு?" என்று மனைவி கேட்டபோது, "வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத் தரகர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அவன் உட்காரும் வரிசைப் பக்கமே அவர் போவதில்லை.

நேற்று இடத்தைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். வழக்கமாக ஆடுகிறவர்களில் ஒருவன் போன வாரம்தான் வேலையை விட்டுப் போயிருந்தான். தரகர் ஆள் கிடைக்காமல் முழித்துக்கொண்டு நின்றார். மச்சினன் எழுந்து வந்தான்.

"நான் ஆடறேன் மாமா."

ஆடினான். நன்றாகவே சிரித்தான். அந்தப் பெண் நேராக அவனிடமே போய், "மறைக்காம சொல்லுங்க, இங்க எப்படி?" என்று கேட்டாள்.

அவன் தரகரைப் பார்த்தான். கோபம் இல்லை, கேலியும் இல்லை. மாட்டிக்கொண்ட மனிதரைக் காப்பாற்றுகிற பார்வை.

"நல்ல இடம்ங்க. என் அக்கா வீட்டுக்காரர்தான் என்னையே கூட்டிட்டு வந்தாரு. கெட்ட இடத்துக்கா கூட்டிட்டு வருவாரு?"

தரகர் கூனிக் குறுகிப் போனார். இவன் என்னைத் திட்டியிருக்கலாமே என்று இருந்தது. பெண்ணின் முகம் தெளிந்துவிட்டது. லிஃப்ட் வரை அவளோடு நடந்தார். வேண்டாம்மா, வராதே என்று சொல்லிவிடுவது என முடிவே செய்துவிட்டார். லிஃப்ட் கதவு திறந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பம்மா சேர முடியும்?" என்றார்.