காயப்போட்ட முட்டி

குந்தியிருந்து எழும்போது வலது முட்டியில் 'கடக்' என்று சத்தம் வரும். பக்கத்தில் வேலை செய்கிறவள், "உனக்கு முட்டியில பட்டாணி வெடிக்குது" என்று கிண்டல் செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரே வருடத்தில் சிரிப்பு போய் வலி மட்டும் தங்கிவிட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். பிளாஸ்டர் அச்சில் மண் கூழை ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்துக் காய வைக்க வேண்டும். நாள் முழுக்கக் குந்தியிருக்கிற வேலை. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர் மூட்டுத் தேய்மானம் (எலும்பும் எலும்பும் உரசாமல் காக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோவது) என்றார். மாத்திரை, தைலம், ஊசி எல்லாம் பார்த்து ஓய்ந்து, கடைசியில் முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை (தேய்ந்ததை நீக்கி உலோக மூட்டுப் பொருத்துவது) செய்துகொண்டேன். காப்பீட்டு அட்டையிலேயே அந்தச் செலவு முடிந்தது.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். நீங்கள் செய்யாதீர்கள்.

மருத்துவமனையில் மறுநாளே நடக்க வைத்தார்கள். படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, தினமும் மூன்று வேளை முட்டியை மடக்கி நீட்டச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைப் பீரோவில் வைத்தேன். எங்கள் தொழிலில், அச்சிலிருந்து எடுத்த பொம்மையைக் காயும்வரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் கோணிக்கொள்ளும், கழுத்து கையோடு வந்துவிடும். புது முட்டியும் அப்படித்தான், உள்ளே நன்றாகப் பிடிக்கட்டும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் அதே பட்டறையில் சூளை வேலை பார்த்தவர். "ஆட்டாத, நல்லா காயட்டும்" என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்தார். டீயைக்கூடப் படுக்கைக்கே கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத உபசாரம். விடுவேனா?

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார். பாதியிலேயே நின்றுவிட்டது. நான் போட்ட சத்தத்தில் வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பயிற்சி செய்யலையாம்மா?"

"புண்ணு ஆறட்டும்னு ஆட்டாம வச்சிருந்தோம் சார்."

"உள்ள தழும்பு நார் நாரா ஒட்டிக்கிட்டு வருது. மூணு வாரம் டைம் தரேன். நாற்காலியில உக்காந்தா கால் நேரா கீழ தொங்கணும், அதான் தொண்ணூறு டிகிரி. இல்லன்னா மயக்கம் குடுத்து நாங்கதான் மடக்கி வுடணும்."

மறுபடியும் மயக்க ஊசி, மறுபடியும் அந்த மேசை. அப்படியும் மடங்காவிட்டால்? பஸ் படி ஏற முடியாது, வேலைக்குப் போக முடியாது, கக்கூஸுக்கு எழுப்பிவிடக்கூட ஒரு ஆள் வேண்டும். அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம் என்று ஆட்டோவிலேயே முடிவு செய்தேன்.

நான் கூப்பிட்டதும் மங்கலம்பேட்டையிலிருந்து ஷமீமா என்ற பிசியோதெரபிஸ்ட் (தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி கொடுப்பவர்) ஸ்கூட்டியில் வந்தார். ஒருமுறை வந்துபோக ஐந்நூறு ரூபாய். எங்கள் அட்டையில் இது சேராது.

"கால புடிச்சு மடக்குறதுக்கு ஐந்நூறா? நானே மடக்கி வுடுறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க காயப்போட்டதே போதும். சும்மா இருங்க."

பழைய பிரிட்ஜை மாற்ற நான் சேர்த்த பணம் இருந்தது. பிரிட்ஜ் இன்னும் ஒரு வருடம் உறுமட்டும் என்று எடுத்துவிட்டேன். எனக்கு ஒரு விஷயத்தில்தான் ஆத்திரம். ஆபரேஷன் என்றால் சொந்தக்காரர்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பயிற்சி என்றால் "உனக்கு வசதி வந்துடுச்சு" என்கிறார்கள். உலோகத்தை உள்ளே வைத்தது டாக்டர். அதை என் காலாக்கியது அந்த ஐந்நூறு ரூபாய். யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஷமீமா முதல் வேலையாகத் தலையணையைப் பிடுங்கினார். "இத வச்சா கால் நீளவே நீளாதும்மா." கட்டிலில் குதிகாலை இழுத்து மடக்கணும், பிறகு நீட்டி முட்டியைக் கீழே அழுத்தணும், முடிந்ததும் ஐஸ் ஒத்தடம். கண்ணில் பூச்சி பறந்தது. "நீயெல்லாம் நல்லா இருப்பியா!" என்று ஒருநாள் திட்டியே விட்டேன்.

"திட்டுங்க, பரவால்ல. இன்னும் அஞ்சு இருக்குது" என்றார் அந்தப் பெண்.

என் கையிருப்பு தெரிந்து, வாரம் மூன்று நாள் போதும் என்று அவரே குறைத்துக்கொண்டார். மற்ற நாட்களில் பாதத்தில் துண்டைப் போட்டு நானே இழுத்து மடக்கினேன். மடக்கும்போது வலிப்பது சகஜம்தான். ஆனால் கெண்டைக்கால் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லிவைத்தார். உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டாவது வாரம் நான்கு நாள் ஒரு நூல்கூட நகரவில்லை. அழுதேன். அழுதுகொண்டே மடக்கினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பிழையில்லாமல் எண்ணிக்கை சொன்னார்.

மூன்றாம் வாரம் டாக்டர் கோணம் பார்க்கும் கருவியை முட்டியில் வைத்தார்.

"தொண்ணூத்தஞ்சு. மயக்க ஊசி வேணாம்மா."

கும்பிட்டேன். "ஆனா இனிமே குந்தக் கூடாது" என்றார். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

மூன்று மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு பட்டறைக்குப் போனேன். "குந்தாம எப்படிம்மா அச்சு வேல? வூட்ல ரெஸ்ட் எடுங்களேன்" என்றார் முதலாளி.

"முட்டியத்தான் மாத்துனாங்க சார், கைய மாத்தல. பலகைய ஒசத்திப் போடுங்க."

முணுமுணுத்தார். மறுநாள் இரண்டு டிரம்மின் மேல் பலகை கிடந்தது, பக்கத்தில் ஒரு ஸ்டூலும். பட்டாணி என்று கிண்டல் செய்தவளும் இப்போது இன்னொரு ஸ்டூல் போட்டு அந்தப் பலகையில்தான் வேலை செய்கிறாள். அவளுக்கும் முட்டி வலி.

முன்பெல்லாம் கூழை ஊற்றிவிட்டால் அது இறுகும்வரை நானும் அசையாமல் கண்ணை மூடிக் கிடப்பேன். இப்போது அது காலுக்கான நேரம். ஸ்டூலில் உட்கார்ந்து நாற்பது முறை மடக்கி நீட்டி, பட்டறைக்குள் நாலு நடை நடந்து வந்தால் அச்சு பிரிக்கத் தயாராக இருக்கும். கடிகாரம் பார்ப்பதில்லை. முட்டி இன்னும் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கிறது, குளிர் நாளில் கனக்கிறது. கனக்கட்டும். பொம்மையைப் பிரித்து, யாரும் தொடாத இடத்தில் காய வைக்கிறேன். அடுத்த அச்சில் கூழை ஊற்றிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன்.