கருநீலக் காருக்கு ஒரு புதுப் பாலிஷ்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணமாகிப் போன பெண்களில் நாற்பத்து மூன்று பேர் வீரபத்திரனின் வாடகைக் காரில் ஏறித்தான் கோயிலுக்குப் போனார்கள். அவர் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. பெயர் பெயராகச் சொல்லுவார். எந்தப் பெண் வழி முழுக்க அழுதாள், எந்தப் பெண் பசி தாங்காமல் டிக்கோயாவில் வண்டியை நிறுத்தச் சொல்லி ரோல்ஸ் வாங்கித் தின்றாள், எந்தப் பெண்ணின் சடை கதவில் மாட்டிக்கொண்டது, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இரண்டு வருடமாக அந்தக் கணக்கு நாற்பத்து மூன்றிலேயே நிற்கிறது. மற்ற ஹையருக்குக் குறைவில்லை. பிரசவத்துக்குக் கூப்பிடுவார்கள், வெளிநாடு போகிற பெண்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கொண்டுபோய் விடச் சொல்லுவார்கள். கல்யாண வீட்டிலிருந்து மட்டும் போன் வராது. காரணத்தை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த காரணம் அது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில், கொட்டுகிற மழையில், அவருடைய மனைவி ஜீவராணிக்கு நெஞ்சுவலி வந்தது. தோட்டத்து வண்டிக்குக் காத்திருக்காமல் அவர் தன்னுடைய காரிலேயே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மகள் சுலக்ஷனா பின்சீட்டில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜீவராணி திரும்பி வரவில்லை. அந்த மாதமே தோட்டத்து லயத்து வீடுகளில் பேச்சு கிளம்பிவிட்டது: உயிர் போனது ஆஸ்பத்திரியில் இல்லை, காரில். உயிர் போன வண்டியில் தாலி ஏறப்போகிற பெண்ணை ஏற்றுவதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதை மீறச் சொல்லி யாரிடமும் மல்லுக்கு நிற்க முடியாது.

வீரபத்திரன் மல்லுக்கு நிற்கவில்லை. ஆனால் பேச்சு வந்தால் ஒன்றை மட்டும் விடமாட்டார். "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவ எனக்குப் பதில் சொல்லிக்கிட்டு வந்தா. நான் கேட்டேன், அவ ‘ம்’னு சொன்னா. என் காதால கேட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் உயராது. சத்தியம் செய்கிற மாதிரியும் இருக்காது. அவரிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து அதுதான் என்கிற மாதிரி இருக்கும்.

இப்போது சுலக்ஷனாவுக்குக் கல்யாணம். வருகிற வியாழக்கிழமை, கொட்டகலைக் கோயிலில். மாப்பிள்ளை நிரோஷன் கொட்டகலைக்காரன், லொறி கராஜில் மெக்கானிக். வீரபத்திரனுக்கு ஒரே ஒரு ஆசை. மகளைத் தன் காரில், தன் கையால் ஓட்டிக் கொண்டுபோக வேண்டும். அக்கா அன்னம்மா முதலிலேயே தடுத்துப் பார்த்தாள்.

"தம்பி, வேணாம்டா. சம்பந்தி வீட்டுல வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. மனசுல வச்சுக்குவாங்க."

"மனசுல வைக்கிறத நானே போயி கேட்டுட்டு வாறேன்க்கா."

போன வாரம் கொட்டகலைக்கே போய்விட்டார். சம்பந்தி முத்துலிங்கம் நேராகவே கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. கார்லயா, ஆஸ்பத்திரியிலயா?" வீரபத்திரன் தன் ஒரே சாட்சியைச் சொன்னார். முத்துலிங்கம் தேத்தண்ணியைக் குடித்து முடித்து வைத்துவிட்டு, "ஒங்க மகள ஒங்க கார்ல கொண்டாறீங்க. அதுல எங்களுக்கு என்ன இருக்கு?" என்றார். அன்றைக்குத் திரும்பி வரும்போது வீரபத்திரன் காரில் தனியாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

மிச்சமிருந்தது காரின் நிறம் ஒன்றுதான். வாங்கும்போது கருநீலம். வருடக்கணக்கான மழையிலும் வெயிலிலும் பொனட் சாம்பல் பூத்துப்போய்க் கிடந்தது. சனிக்கிழமை ஹட்டனில் ஒரு உதிரிப்பாகக் கடையில் புதிதாக வந்த பாலிஷ் என்று ஒரு போத்தலைக் காட்டினார்கள். வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக் காரைக் கழுவி, லயத்துக்கு முன்னால் நிறுத்தி, பழைய பனியன்களைக் கிழித்துத் துணி தயார் செய்தார்.

பக்கத்துக் காம்பரா வீட்டு அழகுமுத்து, தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டுகிறவன், லீவு நாள் என்பதால் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, மொதல்ல சின்ன எடத்துல போட்டுப் பாக்கணும்னு சிங்களத்துல எழுதியிருக்கு."

"தெரியும்டா. டிக்கி மூலையில போடுறேன்."

"என் மண்டையில போட்டுப் பாருங்க. அதுவும் சின்ன எடந்தான். முடி மொளச்சா காருக்குப் போடலாம்."

"ஒன் மண்டையில போட்டா பாலிஷ்தான் கெட்டுப்போகும்."

டிக்கியின் மூலையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தடவினார். மண்ணெண்ணெய்யும் வாழைப்பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. தடவினது காயாமல் பால் மாதிரி நின்றது. எதிர் மலைக்கு மேல் வெயில் ஏறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு துடைத்தார். துடைத்த இடத்தில் சாம்பல் போய், அடியிலிருந்து கருநீலம் எழுந்து வந்தது. அந்த உள்ளங்கை அகலத்துக்குள் மலையும் தெரிந்தது, அழகுமுத்துவின் மொட்டைத் தலையும் தெரிந்தது.

"அட!" என்றான் அழகுமுத்து.

பத்து மணிக்குள் டிக்கி முடிந்தது. பதினொன்றரைக்குள் கதவுகள். பொனட்டை முடித்தபோது வீரபத்திரனின் தோள்பட்டை விட்டுப் போயிருந்தது. அழகுமுத்து, "மந்திரி காருன்னு நெனச்சு பொலிஸ்காரன் சல்யூட் அடிக்கப் போறான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். அன்னம்மா கல்யாணப் பத்திரிகை வைக்க மேல் லயத்துக்குப் போயிருந்தாள். வீரபத்திரன் மகளைக் கூப்பிட்டார்.

"சுலா, இங்க வா. வந்து ஒன் மொகத்தப் பாரு."

சுலக்ஷனா இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து இறங்கி வந்தாள். இருபத்து நான்கு வயது. ஹட்டனில் துணிக்கடையில் வேலை. கதவில் தெரிந்த தன் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நல்லாருக்குப்பா."

"நல்லாருக்கா? கண்ணாடி இது, பிள்ள. பொண்ணு இதப் பாத்தே பொட்டு வச்சுக்கலாம்." பின்கதவைத் திறந்தார். "ஏறு பாப்போம். கூறைச்சேலை கசங்காம ஒக்கார எடம் பத்துதான்னு பாக்கணும்."

"அப்புறம் பாக்கலாம்பா."

"அப்புறம்னா எப்ப, வியாழக்கிழமையா? ஏறு."

அவள் கதவைப் பிடித்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்படியே நின்றாள். பிறகு காலை எடுத்துவிட்டாள்.

"முடியலப்பா."

வீரபத்திரனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. மகள் மேல் அல்ல. "யாரு என்ன சொன்னா? பெரியத்த சொன்னாளா? செத்த காருன்னாளா? சம்பந்தியே ஒத்துக்கிட்டாரு, இவங்களுக்கு என்ன? ஒங்கம்மா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எனக்குப் பதில் சொல்லிக்கிட்டுதான் வந்தா. நீயும் கூடத்தான இருந்த? சொல்ல வேண்டியதுதான அவங்ககிட்ட?"

"அம்மா சொல்லலப்பா."

"என்ன சொல்லல?"

"பாலத்துக்கிட்ட லொறிக்கு வழி விட நிறுத்துனீங்கல்ல. அப்பவே அம்மா..." அவள் முடிக்கவில்லை.

"இல்ல. அதுக்குப் பொறவுதான் குளிருதா ராணின்னு கேட்டேன். ‘ம்’னா. இன்னும் ரெண்டு வளைவுதான்னு சொன்னேன். அதுக்கும் ‘ம்’னா."

"நாந்தாம்பா சொன்னேன்."

அவர் மகளைப் பார்த்தார்.

"மழையில ரோடே தெரியல. நீங்க திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு ஓட்டுனீங்க. அம்மா போயிருச்சுன்னு சொன்னா வண்டிய பள்ளத்துல விட்டுருவீங்களோன்னு பயமா இருந்துச்சு. நீங்க கேக்க கேக்க நான் அம்மா மாதிரி சொல்லிக்கிட்டே வந்தேன். அம்மா தல என் மடியில இருந்துச்சு. கண்ண நாந்தான் மூடிவிட்டேன்." அவள் அழவில்லை. ரொம்ப நாளைக்கு முன்பே அழுது முடித்த மாதிரி பேசினாள். "இந்த சீட்டுல ஒக்காந்தா மடி கனக்குதுப்பா. அதான் பஸ்லயே போறேன். வியாழக்கிழம மட்டும் கண்ண மூடிக்கிட்டு ஏறிரலாம்னுதான் இருந்தேன். ஒங்களுக்கு ஆசையா இருந்துச்சு. இப்ப கால வச்சதும் முடியல."

பெட்ரோல் வீணாகப் போகும் என்று சொல்லித்தான் அவள் இரண்டு வருடமாக பஸ்ஸில் போனாள். பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதும் இப்போது ஞாபகம் வந்தது. வரும்போதே உயிர் போய்விட்டது என்றுதான் அவர் சொன்னார். வீரபத்திரனுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் என்று அதற்கு ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பாலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். வருகிற தைக்குக் காம்பராவுக்கு வெள்ளையடிக்கிறேன் என்றார். இனி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவேண்டாம், தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டிவிடலாம் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு ‘ம்’ வந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளிடம் அவ்வளவு நன்றாகப் பேசியது அன்றைக்குத்தான் என்று அவர் நினைத்து நினைத்து ஆறுதல் பட்டிருக்கிறார்.

பின்கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை. தூங்குகிறவர்கள் உள்ளே இருந்தால் சாத்துகிற மாதிரி.

"நிரோஷன்கிட்ட சொல்லியிருக்கியா?"

"யார்கிட்டயும் சொல்லல. தெரிஞ்சா, நீங்க பொய் சொன்னதா ஆகிரும்ல."

"சரி. நீ உள்ள போ."

அவள் போனாள். வீரபத்திரன் போத்தலைக் கையில் எடுத்தார். மிச்சமிருந்த பாலிஷை மினுங்கிக்கொண்டிருந்த பொனட்டில் ஊற்றினார். துணியால் கோணல்மாணலாக இழுத்துக் கதவு வரைக்கும் பூசினார். வெயில் இப்போது உச்சியில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் காய்ந்து, கருநீலத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டி நின்றது. அதைத் துடைக்காமல் போனை எடுத்து முத்துலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, ஒரு வேல பண்ணிட்டேன். காருக்கு பாலிஷ் போடுறேன்னு நாசம் பண்ணிட்டேன்."

"என்னாச்சு?"

"போத்தல்ல எழுதியிருந்தத ஒழுங்கா படிக்கல. வெயில்ல போட்டு, பூரா தேமல் விழுந்தாப்புல ஆயிருச்சு. பொண்ண ஏத்துற மாதிரி இல்ல. நீங்க ஒரு கார் பாத்து அனுப்புனா..."

மறுமுனையில் முத்துலிங்கம் சிரித்தார். "முப்பது வருசமா கார் ஓட்டுற மனுசன் சம்பந்தி நீங்க!"

"அதான் பாருங்க."

"விடுங்க, விடுங்க. வெள்ளக் கார் ஒண்ணு எனக்குத் தெரிஞ்ச பையன்கிட்ட இருக்கு. காலையில ஆறு மணிக்கு அங்க நிக்கும். நீங்களும் சொகமா அதுலயே ஏறி வாங்க."

அவர் போனை வைக்கும்போது அழகுமுத்து பாதித் தேத்தண்ணியோடு ஓடி வந்தான். "அண்ணே! இப்பதானண்ணே கண்ணாடி மாதிரி இருந்துச்சு! என்ன பண்ணுனீங்க?"

"ரெண்டாவது தடவ போட்டேன். ஒத்துக்கல."

"யாருண்ணே ஒங்கள ரெண்டாவது தடவ போடச் சொன்னது? குடுங்க துணிய, நான் தொடச்சுப் பாக்குறேன்."

"தொடாத. விடுறா." அந்தக் குரலில் அழகுமுத்து கையை இழுத்துக்கொண்டான்.

மேல் லயத்திலிருந்து படியிறங்கி வந்த அன்னம்மா, காரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "என்னடா தம்பி இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி! நாலு நாள்ல கல்யாணத்த வச்சுக்கிட்டு! ஜீவராணி இருந்திருந்தா ஒன்ன இந்தக் கூத்து அடிக்க விட்டிருப்பாளா?"

"விட்டிருக்க மாட்டாக்கா."

"வாய் மட்டும் பேசு! அப்ப பொண்ணு எதுல போகும்?"

"சம்பந்தி கார் அனுப்புறாரு."

அன்னம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் திட்டினாள். அழகுமுத்துவையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு பலகாரத்துக்கு மாவு இடிக்க வேண்டும் என்று அவனையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுலக்ஷனா இஸ்தோப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் இறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் காரைப் பார்க்கவில்லை. கீழே ரோட்டில் ஹட்டன் பஸ் திரும்புவதைப் பார்த்தார்கள்.

வீரபத்திரன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வலிச்சுச்சா அவளுக்கு?"

"இல்லப்பா. தூங்குற மாதிரிதான் இருந்துச்சு. மொகம் கூட சுருங்கல."

உடனே சொன்னாள். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பாலத்துக்கு அப்பால் அந்த இருபது நிமிடமும் இவள் தடுமாறவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. இதுவும் தனக்காகச் சொன்னதா என்று மகளின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமோ என்று பயந்தார். பார்க்காமலே, "ம்" என்றார்.