ஆன்ட்டியின் ரஜாயில் ஒரு வாத்து

ரஜாய் மேல் சேற்றுக் கால்தடம் ஒன்று இருந்தது. மூன்று விரல். அதைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம்தான் நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த வாத்தைப் பார்த்தேன்.

நான் வேலை செய்யும் துவாரகா வீட்டு ஆன்ட்டியின் ரஜாய் அது, குளிருக்குப் போர்த்தும் கனத்த பஞ்சுப் போர்வை. குளிர் முடிந்துவிட்டதால், கட்டிலுக்கு அடியில் வைப்பதற்கு முன் வெயில் காட்டச் சொன்னார். அடுக்குமாடி சொசைட்டிக் குளத்தங்கரைப் புல்லில் விரித்திருந்தேன்.

வானம் கறுத்தது. பால்கனியிலிருந்து ஆன்ட்டி கத்தினார். "மழை வரது! ஜல்தி மடிச்சுண்டு வா! அது நனைஞ்சுதோ, நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்!"

"வாத்து இருக்கு ஆன்ட்டி" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

வாத்தை "ஷூ" என்றேன். அது சீறியது. அடியில் ஒரு முட்டை தெரிந்தது.

வாட்ச்மேன் அண்ணன் வந்து தடியை ஊன்றி, வாத்தை இந்தியில் விசாரித்தார். "எந்த ஃபிளாட்டுக்கு வந்திருக்க? கேட்ல என்ட்ரி போட்டியா?"

வாத்து அவரையும் மதிக்கவில்லை.

தூறல் விழுந்தது. ஆன்ட்டி குடையோடு ஓடி வந்தார். முட்டையைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"அச்சச்சோ, எழுந்துக்காதேம்மா. நீ நன்னா உட்காரு" என்றார், வாத்திடம்.

ஒரு வருஷமாக அந்த வீட்டில் வேலை பார்க்கிறேன். என்னிடம் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

"நீ குடையைப் பிடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினார்.

வாத்துக்குக் குடை பிடித்தேன். பிறகு ரஜாயின் காய்ந்த ஓரமாகப் பார்த்து நானும் நன்றாக உட்கார்ந்தேன்.