எலோதியா அனுப்பாத கடிதம்

எலோதியா ஆப்பிள் ஷெட்டில் பத்தொன்பது வருடம் பழம் பிரித்தவள். ஓடும் பட்டையில் பழங்கள் வரும்போது, அடிபட்ட பழத்தைக் கண் பார்ப்பதற்குள் அவள் விரல் கண்டுபிடித்துவிடும். என் கடைசி மகளுக்கு அவள் ஞானத்தாய். அந்த ஞானஸ்நானத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுகிறோம். ஸ்பானிஷ் பேசுகிற எங்கள் ஊர்க்காரர்களுக்குள் அது கூடப்பிறந்த உறவைவிடக் கெட்டியானது.

கோவிலில் ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பாள். புத்தகத்தைத் தொடமாட்டாள். நோவாவின் பெட்டகத்தில் கழுதை ஏற மறுத்த கதையைக் கையாலும் காலாலும் சொல்லுவாள். வேதாகமத்தில் அப்படி ஒரு கழுதை கிடையாது. ஆனாலும் சாமியாரே கதவோரம் நின்று சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். பாலர் வகுப்பு டீச்சராகணும் என்ற ஆசை அங்கேதான் அவளுக்குப் பிடித்தது. நாற்பத்துமூன்று வயதில் மூன்றாவது தடவை எழுதிப் பள்ளித் தேர்வைத் தாண்டி, ஷெட்டில் ஒரு வருட விடுப்பு கேட்டு, பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள்.

"அங்க போயி என்ன பண்ணப்போற? ஆப்பிளுக்குப் பாடம் எடுக்கவா?" என்றார் அவள் புருஷன் நிகானோர்.

"மொதல்ல உனக்கு எடுக்கறேன். இருக்கறதுலயே அடிபட்ட பழம் நீதான்."

நான் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் தரை துடைக்கிறேன். மாணவர் உதவி அலுவலகம் இருக்கிற கட்டடம் என் பொறுப்பு. முதல் பருவத்தில் எலோதியா தேறவில்லை. அடுத்த பருவத்தில் குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் தேறாவிட்டால் படிப்பிலிருந்து எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்தது. ஒரு டீச்சரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இரண்டாவது மாடிக்குப் போங்க, அங்க உதவி கிடைக்கும்" என்று சொல்லியனுப்பினார்.

அன்று நான் வாளியோடு மாடிக்கு வந்தபோது, அந்த அலுவலகக் கதவுக்கு எதிரே இருந்த தண்ணீர்க் குழாயில் எலோதியா குனிந்து குடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"கொமாத்ரே, எத்தனை தடவை குடிப்பே? ஒட்டகமா நீ?"

"உள்ள போனா என்னைப் பைத்தியம்னு எழுதிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"மனசு சரியில்லாதவங்களுக்கு வேற ஆபீஸ், கீழ் மாடியில. அதையும் நான்தான் பெருக்கறேன். அங்கயும் நல்ல பிள்ளைங்கதான் வருது. போ, போ. உன் கால் பட்ட எடத்தையெல்லாம் நான் துடைக்கணும்."

உள்ளே வெர்னா என்கிற நரைத்த தலை அம்மா இருந்தார். மூன்று வாரம் வரச்சொல்லிச் சோதனை செய்தார்கள். கடைசி நாள் எலோதியா வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். எழுத்துகள் அவள் கண்முன் இடம் மாறி நிற்பதற்கு டிஸ்லெக்சியா என்று ஒரு பெயர் இருக்கிறதாம்.

"பேர் இருக்காம் கொமாத்ரே! இத்தனை வருஷமும் நான் மக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். எங்கம்மாவும் அப்படி நெனச்சிட்டேதான் செத்துப்போனா."

அவளுக்குத் தேர்வில் ஒன்றரை மடங்கு நேரமும், எழுதுவதற்குத் தனி அறையும் கொடுக்கவேண்டும் என்று அலுவலகம் கடிதம் தயார் செய்தது. கடிதம் கம்ப்யூட்டரில் இருந்தது. அவள் கையில் கொடுத்தது இரண்டு பக்கம் அச்சடித்த ஒரு தாள். என்னென்ன செய்யவேண்டும் என்று அதில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். வெர்னா வாயாலும் சொல்லியிருக்கிறார். ஆனால் எலோதியா சந்தோஷத்தில் பாதியைத்தான் கேட்டிருக்கிறாள். குறை சொல்ல நான் யார்?

மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து நாங்கள் அவரைப் பயறு வைத்துச் சுருட்டிய தொர்த்தியா ரொட்டி சாப்பிட்டோம். அவள் தாளை என்னிடம் நீட்டினாள். நான் படித்தது ஆரம்பப் பள்ளி மட்டும். ஸ்பானிஷ் படிப்பேன், ஆங்கிலம் தட்டுத்தடுமாறி. முதல் வரியில் ‘வாழ்த்துகள்’ என்று இருந்தது தெரிந்தது. அதற்குமேல் போகவில்லை.

"அந்தக் கடிதத்த வாத்தியார்ட்ட நான் கொண்டுபோயிக் குடுக்கணுமோ?" என்று கேட்டாள்.

அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். ஷெட்டில் டாக்டர் சீட்டை ஆபீசில் கொடுத்தால் போதும், அங்கிருந்து மேஸ்திரிக்குத் தகவல் போகும். ஒருத்தி நேராக மேஸ்திரியிடம் நீட்டியதற்கு, எனக்கே சட்டம் காட்டறியா என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். அது எனக்கும் தெரியும். நானும் அந்த ஷெட்டில் நான்கு வருடம் நின்றவள்தான்.

"ஆபீஸ்காரங்க நல்ல மனுஷங்க கொமாத்ரே. எல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

முதல் தேர்வன்று கூப்பர்த்தினோ சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவர் தேர்வு எழுதுகிறவர்களுக்காக மன்றாடுகிற புனிதர். எலோதியா வகுப்பில் உட்கார்ந்து, வாத்தியார் தன்னைத் தனி அறைக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். சின்ன வயது வாத்தியார், நல்லவர். தாளைக் கொடுத்துவிட்டு அவளைப் பார்த்தும் சிரித்தார். அவர் கூப்பிடவில்லை. பத்து நிமிடம் அப்படியே போனது. பிறகு எழுதத் தொடங்கினாள். மணி ஆனதும் பேனாவைக் கீழே வைக்கச் சொன்னார்கள். அவள் பாதியில் இருந்தாள். "நன்றி சார்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வாத்தியார் கடிதத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று முடிவு செய்துவிட்டார் என்று நினைத்தாள். ஒரு தடவை மறுத்தவரிடம் மறுபடி போய் நிற்பது அவள் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம். இரண்டாவது தேர்வும் அப்படியே போனது. கடைசித் தேர்வும் அப்படியே. என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று "பரவால்ல, நல்லா எழுதினேன்" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

நான்கு மதிப்பெண்ணில் போனது.

படிப்பிலிருந்து எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்த மறுநாள் அவளை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெர்னாவிடம் போனேன். வெர்னா கம்ப்யூட்டரைத் திறந்தார். எலோதியாவின் பெயரைத் தேடினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"எலோதியா, உன் கடிதம் இன்னும் இங்கேயே இருக்கும்மா. நீ அனுப்பவே இல்லையே."

"நானா அனுப்பணும்?"

"ஒவ்வொரு பாடத்துக்கும் நீதான் இந்தப் பட்டனை அமுக்கணும். உனக்கு என்ன கஷ்டம்னு யாருக்குத் தெரியணுங்கறத நீதான் முடிவு பண்ணணும். நாங்களா யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அது உன் மரியாதைக்காக."

"என் மரியாதைக்காகவா?" என்று எலோதியா கேட்டாள். கோபமில்லை, கேள்விதான். வெர்னா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"அப்போ வாத்தியாருக்குத் தெரியவே தெரியாதா?" எலோதியா மறுபடி கேட்டாள். "பாவம், அவர நான் மூணு மாசமாக் கல்நெஞ்சுக்காரன்னு நெனச்சிட்டிருந்தேனே."

வெர்னா உட்கார்ந்து மேல்முறையீடு எழுத உதவினார். வாத்தியாரும் அவளுக்காக நல்லபடியாக ஒரு கடிதம் கொடுத்தார். அதை விசாரிக்கிற குழு மூன்று வாரம் கழித்துப் பதில் போட்டது. கடிதம் அனுப்பப்படாததால் தேர்வு நடந்த விதத்தில் தவறில்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று. ஷெட்டில் அதற்குள் செர்ரிப் பழ வேலை தொடங்குகிறது. விடுப்பு முடிந்து அந்த வாரம் போய் நிற்காவிட்டால் பத்தொன்பது வருட முன்னுரிமை போய்விடும், புதுசாய் வந்தவர்களோடு கடைசியில் நிற்கவேண்டும்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள். நிகானோர் கேலி எதுவும் பேசவில்லை. அன்றைக்குச் சமையல் அவர்தான் செய்தார்.

நான் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். தெரியாமல் சொன்னதில் பாவமில்லை மகளே என்றார் சாமியார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் ஜெபமாலை சொல்லும்போது அந்தப் படிக்கட்டு என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

ஷெட்டுக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள். மேல்முறையீட்டின்போது அலுவலகம் அவளுக்கு ஒரு பேனா இரவல் கொடுத்திருந்தது. அச்செழுத்தின் மேல் இழுத்தால் அது வாய்விட்டுப் படிக்கும். அதைத் திருப்பிக்கொடுக்க வந்திருந்தாள். கையில் பாடப்புத்தகமும் இருந்தது.

"கடைசிப் பாடத்துல ஏழு பக்கம் பாக்கி கொமாத்ரே. நீ துடை, நான் ஓரமா இருக்கேன்."

ஈரம் காயாத தரையிலேயே சுவரோரம் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். பேனாவை வரிவரியாக இழுத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், குழந்தைகள் எப்படி நண்பர்களைத் தேடிக்கொள்கின்றன என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனது. ஒரு இடத்தில் நிறுத்தி மறுபடி இழுத்துக் கேட்டாள். "இது நம்ம மத்தேயோ பையனேதான்" என்று தனக்குள் சிரித்தாள். அவன் ஞாயிறு வகுப்பில் யாரோடும் சேராத பிள்ளை.

நான் அந்த நடையை இரண்டு தடவை துடைத்தேன். அலுவலகம் மூடக் கால்மணி இருக்கும்போது ஏழாவது பக்கம் முடிந்தது. எலோதியா பேனாவைப் பாவாடையில் துடைத்து, உறையில் போட்டு, எழுந்து உள்ளே போனாள்.