ஏழாம் எண் வண்டியை ஓட்டியவர்

சுடலைமுத்து போய்விட்டார் என்ற செய்தி மாதுங்கா மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. தாராவியில் அவருடைய பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். மஞ்சள் காமாலையாம்; அடக்கமாகி நான்கு நாளாயிற்றாம். எனக்குச் சொல்லியனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் நியாயம் இருக்கிறது.

மறுவாரம் மோட்டார் சைக்கிள் கிளப்பின் பலகையில், 'நம் பழைய மெக்கானிக் காலமானார்' என்று ஒட்டியிருந்தார்கள். மெக்கானிக்காம்! அவரை அறிந்த தாராவி நண்பர்களே, உங்களுக்கு வயிறு எரிந்திருக்கும். அந்த வரிக்கு விதை போட்டவன் நான் என்பது உங்களுக்குத் தெரியாது.

புதிய ஓட்டுநர்களை வளர்க்க மேற்கு வட்டாரப் போட்டி நடத்தினோமே, நினைவிருக்கும். கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் மூன்று பந்தயங்கள். மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுப்பவர் மதராஸ் பந்தயத்துக்குப் போவார். கிளப் உறுப்பினர்தான் ஓட்டலாம் என்பது விதி. ஏழாம் எண் வண்டி ஒரு சேட்டு மகனுடையது. பெயர் அவருடையது, ஹெல்மெட் மாட்டி, முகத்தில் கைக்குட்டை கட்டி ஓட்டியது சுடலைமுத்து. கடிகாரம் பிடித்துச் சுற்றுக்கணக்கு எழுதிய எனக்கு முதல் பந்தயத்திலேயே தெரியும். வளைவுக்கு முன்னால் அப்படி இடது தோளை இறக்குகிறவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது பந்தயத்தையும் ஜெயித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஜெயிக்கது நான்லா சார்? எம் பேர ஒரு தடவ எழுதுனா என்ன? மதராஸ்ல எவனாச்சும் கம்பெனிக்காரன் பாத்தாம்னா பொழச்சுக்கிடுவேன்."

"அடுத்த வருஷம் மெம்பராக்கிடலாம்ப்பா" என்றேன். மெம்பராக இரண்டு பேர் சிபாரிசு வேண்டும். அதில் ஒரு கையெழுத்தை அன்றே நான் போட்டிருக்கலாம்.

மூன்றாவது பந்தயத்தையும் அவரே ஜெயித்தார். வண்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தவர், நாங்கள் கணக்கெழுதும் கூடாரத்துக்கு எதிரே நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும் ஹெல்மெட்டைக் கழற்றினார். கைக்குட்டையையும் அவிழ்த்தார். நேராக என்னைப் பார்த்தார்.

செயலாளர் என் மேஜைக்கு வந்து, ஏழாம் நம்பரை ஓட்டியது யார் என்று கேட்டார். "சேட்டு மகன்தான். முடிந்ததும் வண்டியை வாங்கி மெக்கானிக் ஓட்டிவருகிறான்" என்றேன். கிளப்பில் எனக்கு வேலை வாங்கித் தந்தவர் அந்தச் சேட்டு. பயம், வேறு காரணம் சொன்னால் பொய். சட்டையில் ஒரு தூசி இல்லாமல் நின்ற சேட்டு மகனுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவர் மதராஸ் போய் முதல் வளைவிலேயே விழுந்தார். சேதி சொன்னபோது, "வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே சார்?" என்று மட்டும் கேட்டார் சுடலைமுத்து.

அதற்குப் பிறகு அவர் பந்தயத்தில் ஏறவே இல்லை. பட்டறைப் பக்கம் நான் போனால் "வாங்க சார், டீ சொல்லட்டா?" என்பார். செருப்பால் அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த மூன்றாவது பந்தயத்தின் சுற்றுத்தாள் மட்டும். ஏழாம் எண்ணுக்கு நேரே, ஒவ்வொரு கட்டத்திலும், பென்சிலால் 'சுடலை' என்று எழுதியிருக்கிறேன். தமிழில்தான், கிளப்பில் யாருக்கும் படிக்க வராது என்ற தைரியம்.

அவருக்குத் தமிழ் படிக்க வரும். ஒரு நாளும் நான் எடுத்துக் காட்டவில்லை.