நாங்கள் தோய்த்துக் கொடுத்த துணி

வெயிலிலும் கடற்காற்றிலும் வெளிறியதாம். கண்ணாடிக்குக் கீழே அழகான எழுத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையின் இரண்டு அறைகளை எடுத்து, இத்தாலியின் பலெர்மோவில் வாழும் ஆபிரிக்கப் பெண்கள் தங்கள் ஆட்களின் நினைவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். நடுச்சுவரில் அந்தத் துணி தொங்குகிறது. சட்டைக் கொலர், பொக்கெற், பாவாடைக் கரை, தலைத்துணி என்று துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த, இரண்டு கட்டில் அகலமான துணி. நிறமெல்லாம் போய், இடையிடையே வெள்ளைத் திட்டுகள். முன்னால் நின்ற ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா ஒருத்தி, கடல் எப்படித் தின்றிருக்கிறது பார் என்று புருஷனுக்குக் காட்டிக் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலாவது மண்ணாங்கட்டியாவது. அது வரிக்கினா, துணி வெளுக்கிற மருந்து. போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாமாவின் சொல்லுக்கு என் அம்மா ஊற்றியது.

துணியைத் தைத்த கீழ்வீட்டு அன்ரி வாசலில் கதிரை போட்டு இருந்தார். இப்போது நன்றாகக் கிழடாகிவிட்டார். எழுதியிருப்பது பொய் என்று அவருக்கே தெரியுமே, மாற்றச் சொல்லுங்கள் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, விடு பிள்ளை, வெயில் என்றால் ஒருவருக்கும் கோபம் வராது, உன் அம்மா இன்னும் இந்த ஊரில்தானே இருக்கிறா என்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வருகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வருகிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மா மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் துப்புரவு வேலை. அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையின் குசினியில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும்வரை நானும் அக்காவும் கீழ்வீட்டு அன்ரியோடுதான். அன்ரி கானாவில் இருந்து வந்தவர். வீட்டிலேயே தலை பின்னிவிட்டு உழைத்தார். எங்களுக்கும் அவருக்கும் பொதுவான மொழி, சந்தையில் பொறுக்கிய இத்தாலியன். அந்தச் சந்தைக்காரர்கள் ஆபிரிக்கரையும் எங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் துருக்கர் என்றுதான் சொல்லுவார்கள், கறுத்த ஆட்கள் எல்லோருக்கும் அங்கே அதுதான் பெயர். அன்ரி அதைக் கேட்டுச் சிரிப்பார். மாமாவுக்கு மட்டும் மூக்கில் கோபம் வரும். எங்களைப் போய் இந்தக் கறுவல்களோடு சேர்க்கிறான்களே என்பார். மாமாவின் நிறம் தோசைக்கல்லின் அடி நிறம். அதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் குடும்பத்தில் இத்தாலிக்கு முதலில் வந்தவர், மற்ற எல்லோரையும் கூப்பிட்டு எடுத்தவர். அதனால் எங்கள் வீட்டில் எந்த வேளையில் உலை வைப்பது என்பதுவரை அவர்தான் சொல்லுவார். அவருக்கு ஒரு தம்பி இருந்தார், எங்களுக்குச் சின்னமாமா. ஊரில், வவுனியாவுக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை விட்டு இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. சின்னமாமா நீலக் கட்டம் போட்ட சட்டையோடு நிற்கிற படம் எங்கள் வீட்டு ரீவிக்கு மேலே இருந்தது. அதற்கு மாலை போட மாமா ஒருநாளும் விட்டதில்லை, விளக்கு வைக்கவும் விட்டதில்லை. அறியாத ஒரு விருந்தாளி ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்து, எப்போது மோசம் போனவர், திவசம் எப்போது என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போகவேண்டி வந்தது.

அன்ரிக்கும் ஒரு தம்பி. பாலைவனம் கடந்து, லிபியாவில் வேலை செய்து, ஒரு படகில் ஏறினார், பிறகு ஒரு சேதியும் இல்லை. அவருடைய சட்டையை, அதற்கு முதல் புறப்பட்ட படகில் கரை சேர்ந்த ஒரு கூட்டாளி கொண்டு வந்து கொடுத்தானாம். கரையில் சந்திக்கும்போது தா என்று சொல்லித் தம்பி கழற்றிக் கொடுத்ததாம். அந்தச் சட்டையின் பொக்கெற்றைத்தான் அன்ரி துணியில் முதலில் தைத்தார். பிறகு அவருடைய ஊர்ப் பெண்கள், நைஜீரியாப் பெண்கள், ஐவரி கோஸ்ட்காரர் என்று ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் துண்டைக் கொண்டு வந்தார்கள். வருடத்தில் ஒருநாள் அதை முற்றத்துக் கயிற்றில் விரித்து, எல்லோரும் கீழே இருந்து, அவரவர் துண்டைப் பிடித்துக்கொண்டு ஆளின் பெயரைச் சொல்லி, நிலத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு கதை. அவன் எப்படி நடப்பான், எதைச் சாப்பிடமாட்டான், யாருக்குப் பொய் சொல்லி அகப்பட்டான் என்று பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார்கள். இங்கே பிறந்த அந்தப் பிள்ளைகள் பார்த்தே இராத மாமன்மாரின் குணமெல்லாம் பாடமாகச் சொல்லும். எனக்கும் பாதி பாடம்.

அந்தத் துணிக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது அன்ரியின் கட்டளை. பொக்கெற்றை உள்ளுக்குள்ளே புரட்டி எனக்குக் காட்டியிருக்கிறார். நீலப் பேனையால், கோணல் மாணலாக, அன்ரியின் பலெர்மோ ரெலிபோன் நம்பர். தம்பியின் கையெழுத்து. அதைக் காட்டிவிட்டு அன்ரி துணியை முகத்தில் வைத்து மூச்செடுப்பார். எனக்கு அருவருப்பாக இருக்கும். வியர்வை மணக்கிற துணியை யாராவது மணப்பார்களா?

அந்த வருடம் அவர்களுடைய நாளும் அக்கா பெரியபிள்ளையானதற்கு எடுத்த சாமத்தியவீடும் ஒரே நாளில் வந்து மோதின. ஐயர் பார்த்துக் கொடுத்த நாள், மாற்ற முடியாது. மாமாவுக்கு அது மருமகளின் கொண்டாட்டம் என்பதைவிடத் தன்னுடைய கொண்டாட்டம். வீடியோக்காரரை சூரிச்சில் இருந்து வரவழைத்தார். வெள்ளைக் கார் தெருவில் நிற்கும், அக்கா படி இறங்கி, முற்றத்தைக் கடந்து, குடை பிடிக்க நடந்து போய் ஏறவேண்டும், அதை வீடியோக்காரர் மெதுவாக ஓடவிட்டு எடுப்பார் என்பது ஏற்பாடு.

காலையில் மாமா பட்டு வேட்டியோடு வந்து முற்றத்தில் கால் வைக்கிறார், கயிற்றில் அந்தத் துணி. அன்ரி வெள்ளென விரித்துவிட்டு, பின்னேரச் சமையலுக்குச் சாமான் வாங்கப் போய்விட்டார். அது என்ன துணி என்று கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறி வந்தார்.

“செத்த ஆக்களின்ரை உடுப்புக்குக் கீழாலை என்ரை மருமகள் நடந்து போறதோ?”

அந்த மனிசி வரட்டும் அண்ணை, சொன்னால் கழட்டித் தருவா என்று அம்மா சொல்லிப் பார்த்தா. மாமா கேட்கவில்லை. எங்கள் ஊரில் செத்தவரின் உடுப்பை வீட்டில் வைத்திருப்பார்களா, எரிப்பார்கள் அல்லது கொடுத்துவிடுவார்கள். நல்ல நாளில் துடக்கை, செத்தவீட்டுத் தீட்டை, கொண்டுவந்து தலைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள், அறிவில்லாத சனம் என்றார். அப்பா பலூன் ஊதிக்கொண்டிருந்தார். தொடர்ந்து ஊதினார்.

மாமாவே போய்த் துணியைக் கழற்றி, உடம்பில் படாமல் ஒரு தடியில் தூக்கிக்கொண்டு வந்தார். குப்பையில் போட்டிருந்தால்கூட அன்ரி தேடி எடுத்திருப்பார். மாமா அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை. அவர் நியாயமான மனிதர். அதுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாதது.

“தோய்ச்சுப் போட்டால் துடக்குப் போயிடும். திருப்பி அங்கையே கட்டிவிடு. நாங்கள் மற்ற ஆக்களின்ரை சாமானை எறியிற ஆக்கள் இல்லை.”

 தண்ணீர் காட்டக்கூடாதாம் என்று நான் சொன்னதற்கு, சின்னப்பிள்ளை பெரிய ஆக்களின் கதைக்குள்ளே வராதே என்று மாமாவிடம் இருந்து பதில் வந்தது. அம்மா பட்டுக்கு மேலே பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டிக்கொண்டு, சிஞ்ஞோராவின் படுக்கை விரிப்புகளுக்கு ஊற்றுவதுபோல அரைப் போத்தல் வரிக்கினாவைத் தொட்டியில் ஊற்றித் துணியை அமுக்கினா. உள்ளறையில் அக்காவுக்கு மேக்கப் முடியும்வரை அது ஊறியது. தண்ணீர் முதலில் மண்ணிறமாகவும் பிறகு நீலமாகவும் வந்தது. அம்மா நல்ல வேலைக்காரி. ஒரு கறையையும் விட்டுவைக்காத ஆள் என்று மொண்டெல்லோவில் பெயர்.

ஈரத்தோடு திருப்பிக் கட்டினோம். அக்கா குடைக்குக் கீழே நடந்து வரும்போது துணியில் இருந்து நாலு சொட்டு அவள் கொண்டையில் விழுந்தது. தீர்த்தம் தெளித்தமாதிரி இருக்கு என்று மாமா சொன்னார். வீடியோவில் இன்றைக்கும் அது இருக்கிறது, எல்லோரும் சிரிக்கிறோம்.

மண்டபத்தில் இருந்து நாங்கள் திரும்பி வர வெயில் தாழ்ந்திருந்தது. முற்றத்தில் துணிக்குக் கீழே பெண்கள் இருந்தார்கள். பாட்டும் இல்லை, கதையும் இல்லை.  ஒரு கிழவி ஒவ்வொரு துண்டாகத் தடவித் தடவித் தன்னுடையது எது என்று தேடிக்கொண்டிருந்தா. எல்லாம் ஒரே வெளிறல், அவவுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாமா இரண்டு தட்டில் பயத்தம் பணியாரமும் வடையும் வைத்து, ஒன்றை அம்மாவிடமும் ஒன்றை என்னிடமும் தந்தார். கொண்டுபோய்க் கொடு, நாங்கள்தான் தோய்த்துவிட்டது, காசு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லு என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நான் அப்படியே இத்தாலியனில் சொன்னேன்.

அன்ரி என்னைப் பார்த்தார். எழும்பிப் போய்ப் பொக்கெற்றைப் புரட்டிக் காட்டினார். வெள்ளை. முகத்தில் வைத்து மூச்செடுத்தார். வரிக்கினா நெடிக்கு இருமல் வந்துவிட்டது. துடக்கு என்றால் என்ன என்று எனக்கு இத்தாலியனில் தெரியாதபடியால், இவை செத்தவர்களின் உடுப்பு, அதனால்தான் கழுவினோம் என்றேன். அன்ரி மெதுவாக ஏதோ கேட்டார். மாமா என்னவாம் என்றார். நான் திருப்பிச் சொன்னேன்.

“செத்தவை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கிறா. தங்களுக்கே இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையாம்.”

 மாமா, நல்லதுக்குக் காலமில்லை என்று சொல்லிக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டார். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மாமாவுக்கு வந்திருந்தது. மாலை போடாத ஒரு படத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக அந்தக் காய்ச்சலில்தான் கிடந்தார். வந்தும் தெரியாத மனிதரை என்ன செய்வது? நாங்கள் வீடு எரிந்த கதை, ஊரை இடித்த கதை, ஆட்களைத் தொலைத்த கதை என்று கூட்டம் கூட்டமாக இந்த ஊரில் மண்டபம் எடுத்து அழுகிறவர்கள். எங்கள் நினைவை உலகம் காப்பாற்றவேண்டும். மற்றவனுடைய நினைவு எங்கள் வழியில் தொங்கினால் அது துடக்கு.

அம்மா தன் தட்டைப் படியில் வைத்துவிட்டு மேலே போய்விட்டா. நான் பின்னாலே ஓடினேன். அறையில் அம்மா கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேஸை இழுத்துத் திறந்து, ஒரு பொலித்தீன் பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தா. உள்ளே, படத்தில் இருக்கிற அதே நீலக் கட்டம் போட்ட பழைய சட்டை. கொலரில் அழுக்குக் கோடு அப்படியே இருந்தது. அம்மா அதில் முகத்தை வைத்தா. பட்டுச்சேலையோடு நிலத்தில் இருந்து, முகத்தை எடுக்காமலே இருந்தா. பிறகு பையை அவசர அவசரமாகக் கட்டினா, உள்ளே இருக்கிற காற்றுக்கூட வெளியே போய்விடக்கூடாது என்பதுபோல.

அம்மா களைத்துப்போனா, உதவி செய்வோம் என்று எனக்குத் தோன்றியது. தொட்டியில் மிச்ச வரிக்கினாவும் இருந்தது.

“அதையும் தோய்க்கட்டோ, அம்மா?”

அம்மா எனக்குக் கை நீட்டினது அன்றைக்குத்தான். கன்னத்தில் விழுந்த அடியில் தலைப்பூ கழன்று கட்டிலில் விழுந்தது. படியேறி வந்துகொண்டிருந்த மாமா சத்தம் கேட்டு உள்ளே வந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஏன் பிள்ளைக்கு அடிக்கிறாய், அவளுக்கு என்ன தெரியும் என்று அம்மாவிடம் சொன்னார்.

உண்மைதான், எனக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் இரண்டு பேருக்கும்தான் எல்லாம் தெரியும். நான் புதுப் பாவாடையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டி விளிம்பில் இருந்து அழுதேன். தோய்க்கக்கூடாத சட்டை என்றால் முதலே சொல்லியிருக்கலாம்தானே, கேட்காமலா செய்தேன் என்றுதான் அழுதேன்.